ஒத்துக்கலை

பெட்டி பெரிதாகிவிட்டது. தவறு என்னுடையதுதான்.

நீளத்தில் பிழையில்லை. அகலத்தில்தான் கோளாறு. நாலு பேராக அண்ணனைத் தூக்கி உள்ளே கிடத்திவிட்டு, ஹாலிலிருந்து வெளியே ஷாமியானாவுக்குக் கொண்டுபோகப் பெட்டியைத் தூக்கினோம். வாசற்படி இறங்கும்போது என் மூலையை ஒரு சாண் தாழ்த்திப் பிடித்துவிட்டேன். உள்ளே அண்ணன் உருண்டுபோய்ப் பக்கப் பலகையில் இடித்துக்கொண்டான். டொக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஆனால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"இறக்குங்க, இறக்குங்க. உள்ளயே வெச்சிடுங்க" என்றார் மதலைமுத்து. கல்பள்ளி கல்லறைக்குப் போகிற வழியில் சவப்பெட்டி செய்பவர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யாரு சார் அளவு குடுத்தது?"

"நான்தான்."

"இன்னா அளவு சார் குடுத்தீங்க?"

"என் அளவு."

நேற்றுக் காலை அவர் கடையில் நின்றபோது, டேப்பை நீட்டி, "உயரம், அகலம் சொல்லுங்க, இல்லாட்டி வீட்டுக்கு வந்து எடுக்கட்டா?" என்று கேட்டார். அண்ணனை டேப் வைத்து அளக்க விட நான் தயாராக இல்லை. "என்னைப் பாத்தே போடுங்க, ரெண்டு பேரும் ஒரே சைஸு" என்றேன். ஒரே சைஸாகத்தான் இருந்தோம். படிக்கிற காலத்திலிருந்து ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டுதான் திரிந்தோம். பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு செருப்புக் கடையில் எனக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். ஆள் படி ஏறும்போதே காலைப் பார்த்து நம்பர் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், முப்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டவனுக்கு எழுபத்திரண்டு கிலோ பெட்டியை ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.

"பழைய துணி எதுனா இருந்தா குடுங்க. ரெண்டு சைடுலயும் வெச்சுட்டா ஆடாது. வெளிய தெரியாது" என்றார் மதலைமுத்து.

யூனிஸ் அண்ணி எழுந்தாள். காலையிலிருந்து அவள் எழுந்தது அப்போதுதான். பீரோவைத் திறந்து இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்காகக் கொண்டுவந்தாள்.

"லூஸா இருக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு. ஒடம்பு தேறினதும் போட்டுக்கலாம்னு" என்றாள்.

அவளே குனிந்து, மடிப்புக் கலையாமல், அண்ணனின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகச் சொருகினாள். மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த ஊதாக் கோடு போட்ட என் சட்டையும் அதில் இருந்தது.

பெட்டிக்கு நேர் மேலே சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர். ஆகஸ்ட் ஒன்பது, சனிக்கிழமை என்று நின்றிருந்தது. அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் தேதி கிழிக்கவில்லை.

இந்த முறை நான் தூக்கவில்லை. என் மூலையை எத்திராஜ் வாங்கிக்கொண்டான்.

எத்திராஜ் ஷாமியானாக்காரன். எங்கள் ஏரியா ஜோகுபாளையத்தில் கல்யாணமோ சாவோ, பந்தலும் நாற்காலியும் அவனுடையதுதான். ஒரு கைக்கு நாலு மடக்கு நாற்காலி என்று தூக்கிக்கொண்டு நடப்பான். தொப்பை வேறு போட்டிருந்தான். அவன் புஜத்தையும் தொப்பையையும் காலையிலிருந்து நான் ஒரு பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது.

இரண்டரை வருடம் முன்னால் எத்திராஜ் ஷாமியானா மூங்கிலை விட ஒல்லியாக இருந்தான். அப்போது அவனை நான் பார்த்த இடம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தாழ்வாரம்.

அண்ணனுக்கு எச்.ஐ.வி. என்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்த வாரம் அது. ஆம்ப்ரோஸ் அண்ணன் டயர் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகச் சுற்றுபவன். எப்படி வந்தது என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். அதன்பிறகு கேட்கவில்லை. பிறகு அவளையும் பரிசோதித்தார்கள். அவளுக்கும் இருந்தது. மகள் சிந்தியாவுக்கு இல்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

லேபில் இருந்த ஒருவர்தான் சொன்னார்: "இதுக்குன்னே வேதநாயகின்னு ஒரு அம்மா இருக்காங்க. செவ்வாய், வெள்ளி ஓ.பி. பம்பாயில பத்து வருஷம் இதையே பாத்தவங்க. வேற எங்கயும் போகாதீங்க." ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனை ஆட்டோவில் கூட்டிப்போனேன். தாழ்வாரத்துக் கடைசியில் போர்டு இல்லாத அறை. வெளியே ஒரு நீளமான பெஞ்சு. பெஞ்சில் எத்திராஜ்.

எனக்கு வேர்த்துவிட்டது. ஷாமியானாக்காரனுக்குத் தெரிந்தால் ஜோகுபாளையத்தில் எந்த வீட்டுக்குத் தெரியாது? "திருப்புப்பா" என்றேன் ஆட்டோக்காரரிடம். அல்சூர் ஏரி தாண்டும்போது அண்ணன், "நல்லவேளை, லாங் லைனுடா" என்றான். வரிசை நீளமாயிருந்ததால்தான் திரும்பினோம் என்று அவன் எனக்காகச் சொன்ன பொய் அது.

அங்கிருந்து நேராக டாக்டர் அனந்தபத்மநாபனிடம் போனோம். வேறு எங்கே போவோம்? எங்கள் வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அவர்தான். என் மஞ்சள் காமாலை, அப்பாவின் மாரடைப்பு, சிந்தியா மூக்கில் போட்டுக்கொண்ட பட்டாணி எல்லாம் அந்தச் சின்ன கிளினிக்கில்தான் தீர்ந்தன. அவர் ரிசல்ட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேஜையைச் சுற்றி வந்து அண்ணனின் தோளில் கை போட்டு, "நான் இருக்கேன்டா ஆம்ப்ரோஸு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

சும்மா சொல்லவில்லை. அண்ணியின் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் காபி குடிப்பதை நிறுத்தியிருந்த காலம் அது. ஒருத்தி டம்ளரைக் கையில் வாங்கி, பேசிக்கொண்டே போய், துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டாள். துளசிக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரோ ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளினிக்கை மூடிவிட்டு வருவார். அண்ணன் கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் அண்ணி காபி கொண்டுவரத் தாமதமானபோது அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வாங்கி மீதியைக் குடித்துவிட்டு, "சக்கரை கம்மி" என்றார். அவர் போனபிறகு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

அப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டு யார் போய் பெஞ்சில் உட்காருவார்கள்?

ஏறக்குறைய இரண்டு வருடம் டானிக்கிலும் விட்டமினிலும் ஓடியது. போன கிறிஸ்துமஸில் அண்ணன் இளைக்க ஆரம்பித்தான். டாக்டர், எம்.ஜி. ரோடு ஓட்டல் ஒன்றில் மருந்துக் கம்பெனி நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தார். கழுத்தில் போட்ட பேட்ஜைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "இனிமே கவலையே இல்லடா. மூணு மருந்து ஒரே மாத்திரையில. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆயுசுக்கும்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

ஜனவரியில் ஆரம்பித்தோம். மூன்றாவது வாரம் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கழுத்தில் எலுமிச்சம்பழம் போல இரண்டு கட்டிகள். டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"மருந்து ஒத்துக்கலை. நிறுத்திடுங்க."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது. அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கலை. அண்ணனுக்குப் பால் ஒத்துக்கலை. அண்ணிக்கு ஜூலை மாதத்துக் குளிர் ஒத்துக்கலை. எனக்கு இரண்டு வருடம் ஒரு கல்யாணமே ஒத்துக்கலை; அவள் ஹூப்ளிக்குப் போய்விட்டாள். ஒத்துக்கலை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். அதில் யார் குற்றமும் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம்.

மாத்திரையை நிறுத்தினோம். பத்து நாளில் கட்டி கொஞ்சம் வற்றியது. காய்ச்சல் இறங்கியது. "பாத்தியா?" என்றார் டாக்டர். "பாத்தியா?" என்றேன் நான் அண்ணனிடம். பிறகு காய்ச்சல் திரும்ப வந்தது. டைபாய்டு என்று ஊசி போட்டார். அது போய் இன்னொன்று வந்தது. ஜூலைக் கடைசியில் அண்ணன் தலைவலி என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆகஸ்ட் எட்டாம் தேதி ராத்திரி சிந்தியாவைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டான்.

மறுநாள் டாக்டரே போன் செய்து, வேதநாயகி அம்மாவின் வார்டில் இடம் பிடித்துக்கொடுத்தார்.

வேதநாயகி அம்மா குள்ளமாக, வெடுக்கென்று பேசுகிற பெண்மணி. தோளில் கை போடுகிற ஜாதி இல்லை. அண்ணனின் கழுத்தை இரண்டு விரலால் தடவினார். கண்ணுக்குள் டார்ச் அடித்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சொன்னார். "டிபி. மூளைக்குப் போயிருக்கு" என்றார். அரைமணி நேரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டு மாதமாகத் தெரியாதது.

பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஜனவரில மாத்திரை ஆரம்பிச்சு நிறுத்தியிருக்கு. யாரு நிறுத்தச் சொன்னது?"

பெயரைச் சொன்னேன். அவர் பேனாவின் மூடியைப் போட்டு மூடினார்.

"அத நிறுத்தாம இருந்திருந்தா மேடம்?" என்றேன்.

"லேட்டா வந்திருக்கீங்க. இருக்கறத பாப்போம்."

"சீக்கிரம் வந்திருந்தா?"

"அத இப்ப பேசி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்னொரு டாக்டரைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதில்லை. நல்ல பழக்கம்தான். எங்கள் கடையில் அப்படியில்லை. எதிர்க்கடைச் செருப்பு எத்தனை நாளில் அறுந்துபோகும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவோம்.

அந்த வாரம் கேட்காத ஆள் இல்லை. பங்குச் சாமியாரைக் கேட்டேன். "ஆண்டவரோட வேளை, லாயிட்" என்றார். நர்சைக் கேட்டேன். அது டாக்டர் சொல்ல வேண்டியது என்றாள். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசியே நாற்பது வயதைத் தாண்டியவன் நான். அதற்குத் தண்டனை, நிஜமாகவே ஒன்றைக் கேட்டாலும் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை.

தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று நீங்களும் கேட்கலாம். ஆட்டோவைத் திருப்பியவன் நான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அண்ணியின் ஹேண்ட்பேக்கில் மடித்து வைத்திருந்த ஒரு சீட்டு.

திங்கட்கிழமை வேதநாயகி அம்மா அண்ணியின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க இனிமே தள்ளிப்போடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஓ.பி.க்கு வாங்க. மொதல்ல எக்ஸ்ரே, சளி டெஸ்ட். அப்புறம் மாத்திரை ஆரம்பிக்கணும்" என்று எழுதிக்கொடுத்தார். அண்ணி சீட்டை வாங்கி நாலாக மடித்தாள்.

"போலாம் அண்ணி, நானும் வரேன்" என்றேன்.

"எதுக்கு?"

"மாத்திரைக்கு."

"அவருக்கே ஒத்துக்கலை. எனக்கு மட்டும் ஒத்துக்குமா?" என்றாள். "நம்ம டாக்டர் சொன்னா சாப்பிடறேன். அவரு நல்லது கெட்டது தெரிஞ்சவரு. இந்தம்மா மூஞ்சி குடுத்துக்கூடப் பேசல."

டாக்டர் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணியிடம், "சாப்பிட்டியாம்மா" என்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் வரவில்லை. புதன் விடிகாலை அண்ணன் போய்விட்டான்.

உடலை மூடிச் சுற்றி, திறக்காமல் கொண்டுபோகச் சொல்லி வார்டு ஆள் ஒருவர் பிளாஸ்டிக் தாளை எடுத்துவந்தார். அப்போது அங்கே வந்த வேதநாயகி அம்மா அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். "குளிப்பாட்டுங்க. கையுறை போட்டுக்குங்க, போதும். வேட்டியோ சூட்டோ எது வழக்கமோ கட்டுங்க. அவரு பொண்ணு முத்தம் குடுக்கணும்னா குடுக்கலாம்" என்றார். வெடுக்கென்றுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் சிந்தியா அப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

கல்பள்ளியில் தூறல். குழிக்குள் பெட்டி இறங்கும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. சட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன.

டாக்டர் வந்திருந்தார். கூட்டத்தோடு நிற்காமல், தள்ளி ஒரு மரத்தடியில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டபோதும் கிட்டே வரவில்லை.

திரும்பி நடக்கும்போது எத்திராஜ் என்னோடு சேர்ந்துகொண்டான்.

"அண்ணா, அன்னைக்கு ஆஸ்பத்திரில நீங்க என்னப் பாத்தீங்க இல்ல?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"சும்மனே நடிக்காதீங்கண்ணா. ஆட்டோல. பெரியண்ணன் உள்ள உக்காந்திருந்தாரு. நானும் பாத்தேன். பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிக்கினேன். இவரு வாயில விழுந்தோம்னா ஜோகுபாளையமே சிரிக்கும்னு."

ஷாமியானாக்காரனின் வாய்க்கு நான் பயந்து ஓடியிருக்கிறேன். என் வாய்க்கு அவன் பயந்து சுவரைப் பார்த்திருக்கிறான். ஒரே வித்தியாசம், அவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உனக்கு மாத்திரை போட்டப்ப காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வராம? இங்க அக்குள்ல கட்டி வேற. போய்ச் சேந்தோம்னு நெனச்சேன். மாத்திரைய நானே நிறுத்திட்டுப் போயி அந்தம்மாகிட்ட சொன்னேன். அய்யோ, என்னா திட்டு! 'ஒரு வேளை மாத்திரைய நிறுத்தினா கால ஒடச்சுடுவேன்'னாங்க. ஊசி வெச்சுப் பாத்துட்டு டிபி மாத்திரையும் சேத்துக் குடுத்தாங்க. ரெண்டு மாசம் நாய்ப்பாடு. அப்புறம் தோ, இது" என்று தொப்பையைத் தட்டினான்.

நான் நின்றுவிட்டேன். "அப்ப எங்க அண்ணனுக்கும்..."

எத்திராஜ் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தூறலைப் பார்த்தான்.

"ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரிண்ணா" என்றான். "எம் மேட்டர வீட்ல சொல்லிடாதீங்க. அண்ணிகிட்டகூட."

தலையாட்டினேன்.

நாலு மணிக்கு வீட்டில் கூட்டம் கலைந்தது. அண்ணியின் சொந்தக்காரர்கள் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சிந்தியா உள்ளறையில் தூங்கிப்போயிருந்தாள். எத்திராஜ் தெருவில் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மடக்காமல் கிடந்த கடைசி இரண்டில் ஒன்றில் நான்.

டாக்டர் வந்தார். சட்டை இன்னும் ஈரம். மற்ற நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி காபி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. அண்ணி போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை அந்தம்மா ஓ.பி.க்குப் போயிருந்தேன்" என்றார் டாக்டர்.

"எதுக்கு டாக்டர்?"

"டாக்டர்னு சொல்லிக்கிட்டு நேரா உள்ள போக மனசு வரல. லைன்லயே உக்காந்தேன். ரெண்டு மணி நேரம்." டம்ளரைச் சுற்றினார். "நம்ம கிளினிக்குக்கு வர்றவங்க ரெண்டு பேரு இருந்தாங்கடா. என்னைப் பாத்துட்டு, அய்யோ பாவம், டாக்டருக்குமான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. முப்பது வருடமாகப் பார்க்கிற சிரிப்பு. பாதியில் நின்றது.

"உள்ள போயி என்ன கேட்டீங்க?"

"நீ பத்து நாளா என்னைக் கேக்கணும்னு நெனச்சுட்டு, கேக்காம இருக்கியே. அதத்தான் கேட்டேன்."

தெருவில் எத்திராஜ் நாற்காலி ஏற்றும் சத்தம் நின்றது.

எனக்கு வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். காத்திருந்தேன். வரவில்லை. இந்த மனிதரைக் கேட்கக்கூடாது என்று இருந்தது. அண்ணன் எச்சில் காபியைக் குடித்தவர். நிலையில் சாய்ந்து நின்ற அண்ணியைப் பார்த்தேன். அவளுக்கும் புஜம் வற்றத் தொடங்கியிருந்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. இந்த முறை எனக்கு அளவு தப்பவில்லை.

"டாக்டர், அந்த மாத்திரை அண்ணனுக்கு ஒத்துக்கலையா?"

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். என்னிடம்தான் சொன்னார். ஆனால் அண்ணிக்குக் கேட்கிற மாதிரி, கிளினிக்கில் காது கேளாத கிழவர்களுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஒத்துக்கிச்சுப்பா."

அண்ணி நிலையை விட்டு நிமிர்ந்தாள்.

"அவன் ஒடம்புல டிபி முன்னாடியே இருந்திருக்கு. எதுத்து நிக்கத் தெம்பில்ல, அதனால வெளிய தெரியல. மாத்திரை போட்டதும் தெம்பு திரும்பி வந்துச்சு. வந்து அதுகூட சண்டை போட்டுச்சு. அந்தக் காய்ச்சல், அந்தக் கட்டி, எல்லாம் அந்தச் சண்டை. டிபிக்கு மருந்து சேத்து, இத விடாம குடுத்திருக்கணும். அந்தம்மா இந்த மாதிரி நூறு பேரப் பாத்திருக்காங்க. நான் பாத்தது ஒருத்தன. உங்க அண்ணன."

"விடாம குடுத்திருந்தா?"

"இன்னைக்கு நான் இந்த நேரத்துக்கு கிளினிக்குல இருந்திருப்பேன். அவன் இங்க உக்காந்து உங்கூட சண்டை போட்டுக்கிட்டிருப்பான்." கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "மருந்து ஒத்துக்கிச்சு லாயிட்டு. எனக்குத் தெரியலைங்கறத நான்தான் ஒத்துக்கலை."

பிறகு அண்ணியைப் பார்த்து, "காய்ச்சல், தலைவலின்னா எங்கிட்ட வாம்மா. இதுக்கு வராத" என்றார்.

அண்ணி வந்து, தரையிலிருந்த டம்ளரை எடுத்தாள். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. "சூடா வேற கொண்டாறேன்" என்று உள்ளே போனாள்.

நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எத்திராஜ் வண்டியோரம் நின்றான். எங்கள் இரண்டு நாற்காலிகளையும் அவன் கேட்கவில்லை.

உள்ளே ஹாலில் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி ஒரு கையில் டம்ளரோடு காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளாகக் கிழித்து, கசக்காமல், டம்ளர் பிடித்த கையின் விரல் இடுக்கில் சேர்த்துக்கொண்டே வந்தாள். வியாழன் வந்ததும் நிறுத்தினாள். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கி, கீழே இருந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்தாள்.